பள்ளம் இல்லாத வளைவு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. ஆனால் போடியிலிருந்து மலை மேலே மெட்டு வரைக்கும் அந்தக் காலத்தில் ஓடின வண்டிகளில் என் கை படாத வண்டி எது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பெருமையடிக்கிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். உழைத்து வாங்கின பெருமை, ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரணும் என்று செயலாளர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஒரு சேதியும் சொன்னார். நம்ம ஒர்க்‌ஷாப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கோயமுத்தூர்ப் பக்கம் பந்தயத் தடத்தில் ஒரு நாள் கார் ஓட்டிப் பார்க்கப் போகிறார்களாம். "போடிக்காரன் அந்த மாதிரித் தடத்துல வண்டிய எறக்குறது இதுதாண்ணே மொதத் தடவ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பு, உங்க அய்யாவுக்குக் கல்யாணமாகறதுக்கு முன்னாடியே நான் எறக்கிட்டேன். கறுப்புக் காரு, மலைக் காரு. ஒக்காரு, சொல்றேன்" என்றேன். சொன்னதைத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் மலர்க்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். எழுத்துத் தப்பைச் சொல்கிறேன், சங்கதியில் தப்பு இருக்காது.

சிலமலையில் பிறந்தவன். அய்யாவுக்கு வயக்காட்டு வேலை. எனக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை, எஞ்சின் சத்தம் பிடித்தது. லாரியில் கிளீனராக ஏறினேன். தண்ணி ஊற்றினேன், ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் போட்டேன், அடி வாங்கினேன், ஓட்டக் கற்றேன், பிரிக்கக் கற்றேன், மாட்டக் கற்றேன். என் படிப்பு அவ்வளவுதான். ஏலக்காய் எஸ்டேட்டில் மேஸ்திரி என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தபோது எனக்கு முப்பது வயசு நிறையவில்லை. எஸ்டேட்டுக்கு ஒரு லாரி, ஒரு ஜீப்பு. மேனேஜருக்குச் சொந்தமாக ஒரு சீமைக் கார், கறுப்பு, நாலு கதவு. மூன்றுக்கும் நான்தான் வைத்தியன்.

மேனேஜர் பேர் தங்கராஜ். நாகர்கோயில் பக்கத்து ஆள். வெள்ளைக்காரன் போய் வருசங்கள் ஆகியிருந்தாலும் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எங்களுக்குத் தொரைதான். ஆனால் இவர் தொரைத்தனம் பண்ணத் தெரியாத தொரை. யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நீங்கள் தப்புப் பண்ணிவிட்டால் "அப்படியா" என்பார், அதோடு சரி. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து கங்காணிமார் ரெண்டு நாள் சோறு தின்னாமல் திரிவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பியிருக்கும், கீழே சூட்டுக் குழாய் ஓடும். சூடு சரிதானா என்று பார்க்க எல்லோரும் உள்ளங்கையை வைப்பார்கள். தொரை கையைத் திருப்பிப் புறங்கையை வைப்பார். "உள்ளங்கை வேலை செஞ்சு தடிச்சுப்போனது, மேஸ்திரி. அது எதையும் தாங்கிக்கும். புறங்கைதான் உள்ளதச் சொல்லும்" என்பார். காய்ச்சல்காரன் நெற்றியிலும் அப்படித்தான் வைப்பார், மலை இறங்கி வந்த வண்டியின் சக்கரத்துப் பக்கத்திலும் அப்படித்தான். பிரேக்கை எவ்வளவு மிதித்து இறங்கினேன் என்று அந்தச் சூடு அவருக்குச் சொல்லிவிடும். என்னிடம் ஒரு நாளும் சூடு கண்டதில்லை. மலையில் நான் கியரில் இறங்குகிறவன், பிரேக்கில் இறங்குகிறவன் இல்லை.

அவரும் நன்றாக ஓட்டுவார். என்னைவிட நன்றாக ஓட்டுவார் என்று சொல்லமாட்டேன், ஆனால் என் அளவுக்கு ஓட்டுவார். இதற்குமேல் இன்னொரு டிரைவரைப் பற்றி நான் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் ஓர் ஐப்பசி மழையில், அவருடைய சம்சாரம் லீலா அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, போடியிலிருந்து மலை ஏறி வந்தார். ஒரு வளைவில் எதிரே ஒரு லோடு லாரி. ஒதுங்கி இடம் கொடுக்கப் பள்ளத்துப் பக்கம் சக்கரத்தை விட்டார். அவர் விட்டது சரியான அளவுதான், நான் அளந்து பார்த்தேன். ரோட்டோரத்து மண் உள்ளுக்குள் கரைந்து கிடந்திருக்கிறது. வண்டி சாய்ந்தது, உருண்டது, கீழே ஒரு பெரிய மரம் தாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு இடது கையும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. தொரைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கீறல் இல்லாததுதான் அவரை உள்ளுக்குள் கொன்றது.

அதற்குப் பிறகு அவர் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. எங்கே போனாலும் நான்தான் ஓட்டணும். பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். வளைவு வந்தால் அவர் கண் ரோட்டைப் பார்க்காது, பள்ளத்தைத்தான் பார்க்கும். மலையில் ஓட்டுகிறவன் பார்க்கக்கூடாத இடம் அது ஒன்றுதான். கண் போகிற இடத்துக்குத்தான் கை வண்டியைக் கொண்டுபோகும்.

காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். விடுவேனா? கப்பி கட்டி, லாரியில் வடம் போட்டு, ஆள் வைத்து மேலே இழுத்தேன். ஸ்டோருக்குப் பக்கத்து விறகுக் கொட்டகையில் வைத்து, நசுங்கினதைத் தட்டி, வளைந்ததை நிமிர்த்தி, அச்சை மாற்றி, மூன்று மாசத்தில் நிறுத்தினேன். விழுந்த வண்டி என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள். தொரை வந்து பார்த்தார். கதவில் புறங்கையை வைத்தார். "நல்லா இருக்கு மேஸ்திரி" என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு நாள் மத்தியானம் நான் அரிசி லோடு ஏற்ற லாரியோடு போடிக்கு வந்திருந்தேன், லாரியை மாற்றி ஓட்டுகிற இன்னொரு டிரைவரும் என்கூட. மேலே காய் பறிக்கிற பேச்சியம்மாளுக்குத் திடீரென்று பேறுகால வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஜீப்பு நிற்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள் தொரை ஒருத்தர்தான். அவர் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். கிளப்பினவருக்குக் கியர் போடக் கை வரவில்லை. பேச்சியம்மாளின் புருசன் எதிரே நின்று கும்பிடுகிறான், இவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் ஒரு லாரி கிடைத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், சாமி புண்ணியம். நான் சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்தபோது ஜீப்பு அதே இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது. தொரை இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நான்தான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

மறுநாள் அவர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். இந்தப் பறிப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் போகிறேன், கணக்கு எழுதிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று. வண்டி ஓட்டமுடியாத மேனேஜரை நம்பி மலையில் இத்தனை உயிர் இருக்கக்கூடாது என்றாராம்.

லீலா அம்மா கொட்டகைக்கு வந்தார்கள். அவர்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பேச்சில் மலையாளம் கலந்து வரும், எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்பதற்கு "சாரமில்ல" என்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"மேஸ்திரி, எனக்கு எலும்பு கூடிருச்சு. அவருக்குத்தான் கூடல" என்றார்கள்.

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அவரோட படிச்ச சிநேகிதர் மெட்ராஸ்ல இருக்கார். யுத்தத்தப்ப பிளேன் எறங்கப் போட்ட ரோடு ஒண்ணு அங்க சும்மா கெடக்காம். காரு வச்சிருக்கவங்க ஒரு நாள் கூடி, அதுல வேகமா ஓட்டிப் பாக்கறாங்களாம். நீயும் வான்னு கூப்பிட்டிருக்கார். எதுக்க வண்டி வராது, மாடு வராது. பள்ளம் கெடயாது."

"தொரை என்ன சொல்றாரும்மா?"

"என்ன சொல்வார்? அப்படியான்னார்."

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதெல்லாம் இல்லை. எனக்கு உடனே தோன்றிவிட்டது. நேரே ஆபீசுக்குப் போனேன்.

"தொரை, விழுந்த வண்டி. நான் கட்டினது. வேகத்துல வச்சுப் பாக்காம அம்மாவ அதுல ஏத்தி மலையேற எனக்கு மனசு வரல. மெட்ராசுல அந்த ரோட்டுல ஒரு நா ஓட்டிப் பாத்துட்டேன்னா நிம்மதி. நான் ஓட்டுறேன். நீங்க கூட வந்து கடிகாரம் மட்டும் பாருங்க."

அவர் என்னையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

"அப்படியா" என்றார். பிறகு, "போவோம்" என்றார்.

வண்டியைத் தயார் பண்ணினதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உபயோகப்படும். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். முதல் சோலி பிரேக்கு. மலையில் பிரேக்கைச் செல்லமாகத்தான் தொடுவோம். தடத்தில் அப்படியில்லை. நேர் ரோட்டில் பறந்து போய், வளைவுக்கு முன்னால் ஒரே மிதி. அந்த மிதிக்குச் சூடு ஏறிப் பழைய பிரேக் ஆயில் கொதித்துவிடும், பெடல் பஞ்சுமாதிரி உள்ளே போகும். அதனால் லைனிங் புதுசு, ஆயில் புதுசு. புது ஆயில் ஊற்றினால் குழாயில் இருக்கிற காற்றை வெளியே எடுக்கணும். அதற்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்து விடணும், ஒருத்தன் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூடணும்.

மொக்கச்சாமி அங்கேதான் நின்றான். எஸ்டேட் லாரியை என்னோடு மாற்றி ஓட்டுகிறவன், எனக்கு முறைக்கு மாமன் மகன். "தள்ளு மாப்ளே, நான் மிதிக்கேன்" என்று ஏறப்போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, ஆபீஸ் பக்கம் திரும்பிக் கத்தினேன். "தொரை, ஒரு கை கொடுங்க. ஆளில்ல."

"ஏண்டா, நான் ஆளில்லாம என்ன கழுதையா?" என்றான் மொக்கச்சாமி.

"ஆமாண்டா. போ, போயி மேயி."

அவனுக்கும் புரிந்துவிட்டது. கழுத்துத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய், போகிற போக்கில், "கழுத போகுது தொரை, நீங்க உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொரை வந்தார். கதவைத் திறந்தார். அந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரமில்லாத வண்டி, நாலு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்து நிற்கிறது, எங்கேயும் போகாது. அதனால்தானோ என்னவோ ஏறி உட்கார்ந்தார். நான் கீழே படுத்துக்கொண்டேன்.

"அமுக்குங்க."

பெடல் இறங்குகிற சத்தம் கேட்கவில்லை. நான் பொறுத்திருந்தேன்.

"அமுக்குங்க தொரை."

இறங்கியது. திருகைத் திறந்தேன். ஆயிலோடு காற்றுக் குமிழி வந்தது. மூடினேன். "விடுங்க." விட்டார். "அமுக்குங்க... விடுங்க." ஒரு சக்கரத்துக்குக் காற்று போய்விட்டது என்று எனக்குத் தெரிந்த பிறகும் அமுக்குங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலு சக்கரத்துக்கும் அப்படித்தான். முதல் சக்கரத்தில் அவர் கால் நடுங்கினது குழாய் வழியாகவே எனக்குத் தெரிந்தது. நாலாவது சக்கரத்தில் நடுக்கம் இல்லை.

அடுத்த நாள் முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கணும் என்றேன். அதற்கு ஸ்டீரிங்கை ஒருத்தர் பிடித்துக்கொள்ளணும். அதற்கும் தொரைதான். அதற்கடுத்த நாள் எஞ்சின் சத்தம் கேட்க ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேணும். இப்படி ஒவ்வொரு சோலிக்கும் அவரை அந்த சீட்டில் உட்கார வைத்தேன். வண்டியையும் மனுசனையும் ஒரே கொட்டகையில் வைத்து ரிப்பேர் பார்த்த மெக்கானிக் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

பிறகு வண்டிக்குள் இருக்கிற அத்தனையையும் வெளியே எடுத்தோம். ஜாக்கி, சாவிப் பெட்டி, விரிப்பு, சாக்கு. வேகத்தில் ஒரு ஸ்பேனர் உருண்டு பெடலுக்கு அடியில் போனால் போதும், கதை முடிந்தது. பின் சீட்டைத் தூக்கினபோது மூலையில் கண்ணாடி வளையல் துண்டு கிடந்தது, பச்சை. மூன்று மாசம் தட்டிக் கட்டின என் கண்ணுக்குத் தப்பினது. தொரைதான் எடுத்தார். புறங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்தது என்ன மேஸ்திரி?" என்றார்.

அடுத்தது கண்ணாடி. முன்லைட்டு உடைந்தால் சில்லு ரோட்டில் சிதறி அடுத்தவன் டயரைக் கிழிக்கும். அதனால் குறுக்கும் நெடுக்கும் ஒட்டணும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். மொக்கச்சாமி வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, வண்டிக்குக் கண்ணு வலியா? தாய்ப்பால் விட்டியா?" என்றான்.

இன்னொன்று, இது மலைக்காரனுக்கு மட்டும். மேலே காற்று லேசு. அதற்குத் தக்கபடி கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்போம். அதே திருகோடு கீழே இறங்கி வேகமாக ஓட்டினால் பெட்ரோல் பத்தாமல் எஞ்சின் சூடேறிக் காந்தும். போடிக்கு இறங்கினதும் நிறுத்தி, திருகைக் கொஞ்சம் திறந்து, ராசிங்காபுரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளுத்திருந்தால் பத்தவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம். வறுத்த கொத்துமல்லி நிறத்தில் இருக்கணும். இருந்தது. டயருக்கு மலையில் வைப்பதைவிடக் காற்றுக் கூட வைத்தேன். சக்கரத்து நட்டை முறுக்கினேன், கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி முறுக்கினேன். மனுசனுக்கு என்ன என்றால், தொரையின் எஸ்டேட் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிசு அடி போட்ட செருப்பு மாட்டச் சொன்னேன். பெடல் காலுக்குத் தெரியணும். முதல் நாள் நல்ல தூக்கம், காலையில் ரெண்டே இட்லி. வயிறு முட்டத் தின்றுவிட்டு வளைவில் திரும்பினால் இட்லியும் கூடத் திரும்பும்.

மெட்ராஸ் வரை நான்தான் ஓட்டினேன். லீலா அம்மா போடியில் அவர்கள் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டார்கள்.

அந்த இடத்தை நான் மறக்கமாட்டேன். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையைப் பார்த்தவன் நான். அங்கே எந்தப் பக்கமும் மலை இல்லை. வானம் தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. சிமிட்டி ரோடு பாய் விரித்தமாதிரி நீண்டு கிடக்க, திரும்ப வேண்டிய இடங்களில் தகரப் பீப்பாயும் வைக்கோல் கட்டும் வைத்திருந்தார்கள். பந்தயம் கிடையாது, அவரவர் வண்டியை அவரவர் ஓட்டிப் பார்க்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்தவர் ஒருத்தர், பெரிய மீசை, கையில் ஒலிபெருக்கிக் குழல். வண்டிகளைச் சோதிக்க இன்னொருத்தர். அவர் எங்கள் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், லைட்டில் ஒட்டின பிளாஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். "யார் தயார் பண்ணினது?" என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். சுண்ணாம்பில் கதவில் எண் எழுதிவிட்டார்.

முதலில் நான் ஓட்டினேன், தொரை பக்கத்தில். முதல் வளைவு வந்தது, ஹாரன் அடித்தேன். ரெண்டாவது வளைவு வந்தது, அடித்தேன். மூன்றாவதிலும் அடித்தேன். குழலில் சத்தம் வந்தது. "கறுப்புக் கார்! எதிரே யார் வர்றதுக்கு ஹாரன் அடிக்கிறே?" என்ன செய்ய, வளைவைக் கண்டால் கை தானாகப் போய் அமுக்கிவிடுகிறது! அதோடு விட்டதா? வண்டியை நிறுத்தினதும் நான் பாட்டுக்குக் குதித்து ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். "அய்யா மலைக்காரரே, இங்கே வண்டி எங்கேய்யா உருளப் போகுது?" என்றார் மீசைக்காரர். உருட்டிக் காட்டட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. தொரையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி ஏறி உட்கார்ந்தபோதுதான் அது நடந்தது. ஒரு சிவப்புக் கார் கடைசி வளைவுக்கு மிதமிஞ்சின வேகத்தில் வந்து, திரும்பமுடியாமல் ரோட்டை விட்டு வெளியே போய்விட்டது. தொரை என் தோளை இறுக்கிப் பிடித்தார். கார் புல்லில் சறுக்கிக்கொண்டு போய், புழுதி கிளப்பி, நின்றது. உள்ளே இருந்தவர் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, ரிவர்ஸ் போட்டு, மறுபடி ரோட்டில் ஏறிவந்தார். எங்களைத் தாண்டும்போது கையை ஆட்டினார்.

தொரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுக்கிட்டுப் போறார், மேஸ்திரி."

"ஆமா தொரை."

"வெளிய விழுந்துட்டு, சிரிச்சுக்கிட்டுப் போறார்."

தொரை இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, "தள்ளி உக்காருங்க" என்றார்.

முதல் சுற்று மாட்டு வண்டிதான். ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கத்துப் பீப்பாயை உரசிக்கொண்டு ஊர்ந்தார். கண் மட்டும் வெளிப்பக்கம், இல்லாத பள்ளத்தில். ஸ்டீரிங்கைப் பிடித்த விரல் கணுவெல்லாம் வெளுத்துவிட்டது. மற்ற வண்டிகள் எங்களை விர்ர் விர்ர் என்று தாண்டுகின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நான் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரெண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவது சுற்றில் நேர் ரோட்டில் கியரை மாற்றினார். மாற்றினவர் காலை எடுக்கவில்லை. எஞ்சின் பாட ஆரம்பித்தது, நான் கட்டின எஞ்சின். கடைசி வளைவு வருகிறது. மிதிக்கணும், இப்போது மிதிக்கணும், மிதித்துவிடுவார் என்று பார்க்கிறேன். அவர் மிதிக்க மறந்தாரா, வேணுமென்றே மிதிக்கவில்லையா, எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பீப்பாய் பக்கத்தில் பறந்து போனது, ரோடு முடிந்தது, வண்டி புல்லில் இறங்கியது. திடும் திடும் என்று ரெண்டு குதி. சறுக்கினோம். புல்லும் புழுதியும் கண்ணாடியை மூடிவிட்டன. நின்றோம்.

எஞ்சின் அணைந்துவிட்டது. எங்கேயோ வானம்பாடி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

தொரை கதவைத் திறந்து இறங்கினார். நானும் இறங்கினேன். அவர் வளைவைப் பார்த்தார். வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து இன்னும் வெளியே, ஒரு அடி, ரெண்டு அடி என்று நடந்துபோனார். ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு குனிந்து புறங்கையைப் புல்லில் வைத்தார்.

"இங்க தரை இருக்கு, மேஸ்திரி."

"இருக்கு தொரை."

"இவ்வளவு தூரம் தரை இருக்கு."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. ரேடியேட்டரில் சிக்கின புல்லைப் பிடுங்குகிற சோலி எனக்கு அப்போது ரொம்ப அவசரமாக இருந்தது. புல் தீர்ந்துபோன பிறகும் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

குழலில் சத்தம் வந்தது. "கறுப்புக் கார்! அடி பட்டதா?"

தொரை எழுந்து நின்றார். வாயில் ரெண்டு கையையும் குவித்துக்கொண்டு, "இல்லை! யாருக்கும் அடி இல்லை!" என்று கத்தினார். அந்த மனுசன் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் ஓட்டினதை நான் வர்ணிக்கமாட்டேன். கொடி காட்டி எல்லோரையும் நிறுத்துகிற வரைக்கும் ஓட்டினார். கண் வளைவின் உள்ளே போய் வெளியே வந்தது, கை கண்ணின் பின்னால் போனது. பழைய தங்கராஜ் தொரை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிட்டார். நான் சொல்லித் தரவில்லை, அவருக்கே தெரிந்தது.

திரும்புகிற வழியில் பாதி அவர், பாதி நான். ஆனால் எனக்குத் தெரியும், சமவெளி சமவெளிதான். மலையில் வளைவுக்கு வெளியே புல் கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

போடியில் லீலா அம்மா அக்கா வீட்டு வாசலில் பையோடு நின்றார்கள். தொரைதான் ஓட்டி வந்தார். அம்மா அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

தொரை இறங்கி நின்று, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "லீலா, இனி மலைக்கு மேஸ்திரி ஓட்டட்டுமே?" என்றார்.

சாவியை வாங்க நான் கையை நீட்டவில்லை. வேணுமென்றேதான் நீட்டவில்லை.

அம்மா பையைப் பின் சீட்டில் போட்டார்கள். "மேஸ்திரி மொகத்தப் பாருங்க, தூக்கமில்லாம எப்படிக் கெடக்கு. அவர் பின்னால உக்காரட்டும்" என்று சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்து, எலும்பு முறிந்த அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக் கதவைச் சாத்தினார்கள். "வெரசாப் போவோம். இருட்டுக்கு முன்னாடி ஏறிரணும்."

தொரை ஏறினார். அடிவாரத்து முந்தல் தாண்டி வண்டி ஏறத் தொடங்கியது.

நான் பின் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, ரெண்டு பேர் தோளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டேன். வண்டி விழுந்த அந்த வளைவு வரும்போது முழு முழிப்பாக இருப்பது, ஏதாவது என்றால் பாய்ந்து ஹாண்ட் பிரேக்கை இழுப்பது. அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன். முதல் வளைவு ஏறினார். ரெண்டாவது கியரில், அவசரமில்லாமல், எஞ்சினுக்கு மூச்சு வாங்காமல். அடுத்த வளைவு. அடுத்தது. அம்மா அக்கா வீட்டுச் சங்கதி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார்கள், அவர் ரோட்டைப் பார்த்தபடி "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வந்தார். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

"மேஸ்திரி, எந்திரிங்க. காப்பி ஆறுது."

கண்ணைத் திறந்தால் வண்டி ஸ்டோர் வாசலில் நிற்கிறது. அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தொரை குனிந்து, பின்சக்கரத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சியம்மாளின் புருசன் அவர் பக்கத்தில் நின்று, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தங்கராஜ் தொரை மதுரைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நெடுங்காலம் எங்களுக்கு அவர்தான் மேனேஜர். அந்த வளைவில் அன்றைக்கு என்ன பண்ணினார், நின்றாரா, மெதுவாகப் போனாரா, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று மொக்கச்சாமியிலிருந்து முதலாளி வரைக்கும் என்னைக் கேட்காத ஆளில்லை. கூடவே போனவன் ஆயிற்றே, எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று.

எனக்குத் தெரியாது. இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் ஒரு நாளும் கண் மூடாதவன் நான். அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.